கரண்ட் இல்லாத சைட்டுக்கு சோலார்: 200 வாட் போதுமா, 400 போடணுமா?

தூரப்பயணி (மில்டன் கீன்ஸ்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பழைய நாலு பெர்த் காரவான் வாங்கியிருக்கோம், 2014 மாடல். கூரையில பேனல் கிடையாது. 110 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, மோட்டார் மூவர் (கார் இல்லாம காரவானை நகர்த்துற மோட்டார்) ரெண்டும் வண்டியோடவே வந்தது. ஃப்ரிட்ஜ் கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூணுலயும் ஓடுற வகை.

இதுவரைக்கும் ஹூக்-அப், அதாவது கரண்ட் இணைப்பு, இருக்கிற பெரிய கேம்பிங் சைட்லதான் நிறுத்தியிருக்கோம். வீட்ல எல்லாருக்கும் பிடிச்சது என்னவோ அஞ்சு வண்டி மட்டும் விடுற அந்தப் பண்ணை சைட்டுங்கதான். அங்க நிறைய இடத்துல கரண்ட் இல்ல. அதனாலதான் சோலார் யோசனை.

கடையில கேட்டா, "கூரைல இடம் இருக்குல்ல, 400 வாட்டா போட்டுடுங்க"ங்கறாங்க. வீடியோவுல பார்த்தா வளையிற பேனலை ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிட்டுப் போயிடறாங்க. எதை நம்புறது? நானே மாட்டலாமா, ஆள் வச்சு மாட்டணுமா? அப்புறம் வீட்டம்மாவோட கேள்வி ஒண்ணு இருக்கு: மிக்ஸியும் ரைஸ் குக்கரும் ஓடுமா? இதுக்குப் பதில் கிடைக்காம பட்ஜெட் பாஸ் ஆகாது.

கரவன் அப்பு (ஹாரோ)

வாங்கோ தம்பி. கடைக்காரர் உங்கட கூரையை அளந்து சொல்லியிருக்கிறார், உங்கட செலவை அளக்கேல்லை. ஒரு பேப்பர் எடுத்து, ஒரு நாளைக்கு 12 வோல்ட்டில என்னென்ன ஓடுது எண்டு எழுதுங்கோ. நாலு பேருக்கு நான் போட்டுக் காட்டுறன்.

எல்.ஈ.டி. லைற் எல்லாம் சேர்த்து ஒரு ஆம்பியர், நாலு மணித்தியாலம் எரிஞ்சா 4 ஆம்பியர்-மணி. தண்ணிப் பம்ப் ஓடேக்க 5 ஆம்பியர் இழுக்கும், ஆனா நாள் முழுக்கக் கூட்டினாலும் இருபது நிமிசம்தான். 2 எண்டு வையுங்கோ. ஹீற்றர் ஃபான் பின்னேரத்தில 6. ரீவி ரெண்டு மணித்தியாலம் 5. பிள்ளையளின்ர ரப்லெற் ரெண்டு, ஃபோன் ரெண்டு, எல்லாத்துக்கும் 8. அலாரம், கொன்ட்ரோல் பனல், அது இது எண்டு 3. மொத்தம் 28. முப்பது எண்டு பிடிப்பம்.

இதில ஃப்ரிட்ஜ் இல்லை, பாத்தீங்களோ? நிக்கிற இடத்தில அதைக் காஸில விடவேணும். உந்த மூண்டு வழி ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில பத்து ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். ஓடேக்க காரின்ர ஒல்ரனேற்றர் குடுக்கிறதால சமாளிக்குது. அதைச் சோலாரில ஓட்டுறதெண்டால் கூரை முழுக்கப் பேனல் அடுக்கினாலும் இரவுக்குக் காணாது.

லெட் ஆசிட் பற்றறியைப் பாதிக்குக் கீழ இறக்கக்கூடாது. அப்ப உங்கட 110இல கையில இருக்கிறது 55தான். வெயிலே இல்லாமல் ஒண்டரை நாளுக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஒவ்வொரு நாளும் அந்த முப்பதைத் திருப்பி நிரப்பினால் பேனலின்ர வேலை முடிஞ்சுது.

மின்வேலை (பர்மிங்ஹாம்)

அப்பு ஐயாவின் முப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தொழில் வயரிங் என்பதால் வரவுப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

பேனலைக் கூரையில் படுக்க வைத்தால், லண்டன் பக்கம் ஜூனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி விழும். அக்டோபரில் அது 2க்கு அருகில் இறங்கிவிடும். டிசம்பரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கம்பி, கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி), சூடு, கூரைத் தூசி என்று கால் பங்கைக் கழித்துவிடுங்கள்.

200 வாட் என்றால் ஜூனில் நாளுக்கு 60 ஆம்பியர்-மணி. உங்கள் தேவையைப் போல இரண்டு மடங்கு. அக்டோபரில் 24, கொஞ்சம் இடிக்கும், ரீவியை விட்டுக்கொடுத்தால் ஓடும். டிசம்பரில் 7. இப்போது 400 வாட் போடுங்கள், டிசம்பரில் 14. அப்போதும் தேவையில் பாதிகூட வரவில்லை. கோடையிலோ காலை பத்து பதினொரு மணிக்கே பேட்டரி நிறைந்துவிடும், மிச்ச வெயில் வீண். ஆக 400 உங்களுக்கு உண்மையில் உதவுவது மார்ச்சிலும் அக்டோபரிலும் சில வாரங்கள்தான். அதற்காகக் கூரையில் இரட்டிப்பு எடை ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள்.

குளிர்காலத்தில் எத்தனை வாட் போட்டாலும் இந்த நாட்டில் ஹூக்-அப்தான் வழி. லண்டனில் டிசம்பர் பின்பாதியில் நடுப்பகல் சூரியன் வானில் 15 டிகிரி அளவுக்குத்தான் ஏறுகிறது. படுத்திருக்கிற பேனலுக்கு அது பக்கவாட்டு வெளிச்சம். ஜூனில் அதே சூரியன் 62 டிகிரிக்கு ஏறுகிறது.

என் கணக்கை நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். கணிப்பான் இணையத்தில் இலவசம். ஊரைப் போட்டு, சாய்வு பூஜ்யம் என்று கொடுத்துப் பாருங்கள்.

கோவைக்காரி (லெஸ்டர்)

அண்ணா சொல்றது எல்லாம் சரிங்க, ஆனா எங்க நிறுத்துறீங்கன்னு ஒருத்தரும் கேக்கலையே. நியூ ஃபாரஸ்ட் மாதிரி இடத்துல மரத்தடியிலதான் பிட்ச் கிடைக்கும். வெயில்காலத்துல நாமளே நிழலைத் தேடித்தான் போவோம். அங்க கூரையில 400 இருந்தாலும் பேருக்குத்தானுங்க.

எங்க வண்டியில கூரைக்கு 100 வாட் ஒண்ணு, பெட்டி மாதிரி மடக்குற பேனல் 120 வாட் ஒண்ணு. மடக்குறதை எடுத்து வெயில் விழுற புல்லுல சாய்ச்சு வச்சுட்டு, மத்தியானம் ஒருக்கா திருப்பி விட்டா போதும். இலையுதிர் காலத்துல சாய்ச்சு வச்சதுக்கும் படுக்க வச்சதுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும். இறங்கி வெளிய போறப்போ மட்டும் எடுத்து உள்ள வச்சுப் பூட்டிடணும். சைக்கிள் பூட்டு ஒயர் ஒண்ணு வச்சிருக்கேன், இருந்தாலும் மனசு கேக்காது.

மிக்ஸி கதை தனியா சொல்றேன், அது பெரிய கதை.

வடதிசை (அபர்டீன்)

பாஸ், வளையிற பேனலை யாரும் கெட்ட வார்த்தை மாதிரி பார்க்காதீங்க. 100 வாட்டுக்கு ரெண்டு கிலோ சொச்சம்தான். கண்ணாடி பேனல்னா ஏழெட்டு கிலோ, அதுக்கு மேல பிராக்கெட். என் வண்டி கூரை ரெண்டு பக்கமும் வளைவு, கண்ணாடி பேனல் உட்காரவே உட்காராது. காத்துல சத்தம் இல்ல, ஓட்டை இல்ல, வேலை ஒரு மணி நேரம். எங்க ஊர்ல டிசம்பர் பின்பாதியில சூரியன் பத்து டிகிரிகூட ஏறாது, அதனால எந்தப் பேனலா இருந்தாலும் எனக்கு ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் சீசன். ஸ்கை தீவுப் பக்கம் ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். பேட்டரி இறங்குறதே தெரியாது.

மின்வேலை (பர்மிங்ஹாம்)

அபர்டீன் கூரையில் அது பிழைக்கும், தம்பி. கார்ன்வாலில் ஜூலை மதியம் அதே பேனல் என்ன பாடுபடும் என்று பாருங்கள். சிலிக்கான் செல் 25 டிகிரிக்கு மேல் சூடேறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை இழக்கும். அடியில் காற்று இல்லாமல் கூரையோடு ஒட்டிய பேனல் 65 டிகிரிக்குப் போனால் பதினைந்து சதவீதம் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. சூடும் குளிரும் மாறிமாறி வந்து, வண்டியின் அதிர்வும் சேர, செல்லில் நூல் மாதிரி விரிசல் விடும். மேல் பிளாஸ்டிக் மங்கும். கழற்றலாம் என்றால் கூரைப் பெயின்ட்டும் கூட வரும்.

கூரை சமதளமாக இருக்கிறவருக்கு நான் கண்ணாடி பேனலைத்தான் சொல்வேன். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்று ஓட வழி இருக்கட்டும்.

வடதிசை (அபர்டீன்)

அண்ணே, நேரா ஒட்டச் சொல்லல. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் இருக்கே, கன்சர்வேட்டரி கூரைக்குப் போடறது, அதுல பேனலை ஒட்டி, ஷீட்டைக் கூரையில ஒட்டினேன். நடுவுல இருக்கிற குழாய் வழியா காத்து போகும். கழட்டணும்னாலும் ஷீட்டை அறுத்தா போதும். எடை எனக்கு முக்கியம், மாத்திக்க மாட்டேன் 🙂

கரவன் அப்பு (ஹாரோ)

எடைக் கதை வந்தது நல்லது. தூரப்பயணி தம்பி, வண்டிக் கதவுக்குப் பக்கத்தில தகடு ஒண்டு இருக்கும், உச்ச எடை போட்டு. அதில இருந்து வெறும் வண்டி எடையைக் கழிச்சால் மிஞ்சிறதுதான் நீங்கள் ஏத்தக்கூடியது. கன வண்டியளில அது 150 கிலோ வரைக்கும்தான். மூவர் முப்பது கிலோவுக்கு மேல எடுத்துப்போடும். ஓனிங் (பக்கத்தில கட்டுற கூடாரம்), காஸ் சிலிண்டர், தண்ணி, எங்கட ஆக்களெண்டால் அதுக்கு மேல இருபது கிலோ அரிசி மூட்டை. ரெண்டு கண்ணாடிப் பேனல், பிறாக்கெற், கேபிள் எண்டு இன்னும் பதினெட்டு இருபது கிலோ ஏறும்.

2021 டிசம்பரில சட்டம் மாறினதால 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவையும் தனிச் சோதினை எழுதாமல் 3,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். கனபேர் அதோட எடைக் கவலை முடிஞ்சுதெண்டு நினைக்கினம். தகட்டில இருக்கிற எடை மாறேல்லை. ஒருக்கா சாமானோட எடைப் பாலத்தில ஏத்திப் பாருங்கோ, அதுக்குப் பிறகு பேனலுக்குக் காசைக் குடுங்கோ.

தூரப்பயணி (மில்டன் கீன்ஸ்)

தகடு பார்த்தேன் அப்பு. 152 கிலோதான் இருக்கு. 400 பேச்சு இதோட முடிஞ்சது.

என் கூரை சமதளம். அதனால 100 வாட் கண்ணாடி பேனல் ரெண்டு. ஒரே சந்தேகம்: ரெண்டையும் சீரிஸ்ல (ஒண்ணோட ப்ளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல) கோக்கணுமா, பேரலலா (ப்ளஸ் ப்ளஸ்ஸோட, மைனஸ் மைனஸோட)? ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொண்ணு சொல்லுது. கன்ட்ரோலர்ல பி.டபிள்யூ.எம்.ங்கற வகை மலிவா கிடைக்குது, அது போதாதா?

மின்வேலை (பர்மிங்ஹாம்)

போதாது என்று சொல்லவில்லை, ஆனால் நஷ்டம் எங்கே என்று தெரிந்து வாங்குங்கள். 100 வாட் பேனல் தன் முழுச் சக்தியைத் தருவது 18 வோல்ட் சுற்றில், ஐந்தரை ஆம்பியரில். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும். ஆம்பியர் அதே ஐந்தரைதான். 72 வாட் கையில், 28 வாட் காற்றில். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அந்தக் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். ஒற்றை 40 வாட் பேனலுக்குப் பி.டபிள்யூ.எம். போதும். 200க்கு எம்.பி.பி.டி. வாங்குங்கள். நான் அதிகம் மாட்டுவது விக்ட்ரான் 75/15. 75 வோல்ட் வரை உள்ளே வாங்கும், 15 ஆம்பியர் வெளியே தரும், 12 வோல்ட் பேட்டரிக்கு 220 வாட் வரை சரியாக இருக்கும்.

சீரிஸா பேரலலா என்பது நிழலைப் பொறுத்தது. 36 செல் பேனலில் பொதுவாக இரண்டு பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த செல்களைத் தாண்டிக் கரண்ட்டை விடும் பாகம்), ஒவ்வொன்றும் 18 செல்லுக்கு. ரீவி ஏரியலின் நிழல் ஒரே ஒரு செல்லில் விழுந்தாலும் அந்தப் பாதி விலகிக்கொள்ளும், பேனல் 9 வோல்ட் ஆகிவிடும். பேரலலில் இந்த 9 வோல்ட்டை வைத்து 13 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது, ஒரு முழு பேனல் வீண். சீரிஸில் 18ம் 9ம் சேர்ந்து 27 வோல்ட், எம்.பி.பி.டி. அதை எடுத்துக்கொள்ளும், இழப்பு கால் பங்குதான். இன்னொன்று, இந்த வகைக் கன்ட்ரோலர் விழித்துக்கொள்ளப் பேனல் பேட்டரியைவிட 5 வோல்ட் மேலே இருக்க வேண்டும். மந்தமான காலையில் சீரிஸ் சீக்கிரமே விழிக்கும். கம்பியில் ஓடும் ஆம்பியரும் பாதி.

ஆகவே உங்களுக்கு சீரிஸ். பி.டபிள்யூ.எம். வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சீரிஸில் கோத்துவிட வேண்டாம், அங்கே இந்தக் கணக்கே வேறு. மூன்று பேனலைச் சீரிஸில் போடும் ஆசையும் வேண்டாம். திறந்த நிலையில் (கரண்ட் எதுவும் எடுக்காதபோது) ஒவ்வொன்றும் 22 வோல்ட், மூன்று 66. உறைகிற காலையில் அது இன்னும் ஏறி 75ஐ நெருங்கும்.

ஏரியல், ரூஃப்லைட் இரண்டையும் நடுப்பகலில் ஒரு முறை மேலேயிருந்து பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

தூரப்பயணி (மில்டன் கீன்ஸ்)

இப்பதான் வீடியோவெல்லாம் ஏன் அடிச்சுக்குதுன்னு புரியுது. சரி, மாட்டுற வேலை. கூரையில ஓட்டை போடறதுதான் பயமா இருக்கு. டேம்ப் (உள்ளே ஈரம் இறங்குறது) வந்துட்டா வண்டியே போச்சுங்கறாங்க.

மின்வேலை (பர்மிங்ஹாம்)

பயம் நல்லதுதான். முதலில் வண்டிக்குத் தண்ணீர்க் கசிவு உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டை போடுவதற்கு முன் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். 2014 வண்டிக்கு அது முடிந்திருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள்.

பேனலுக்கு ஓட்டையே தேவையில்லை. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பிராக்கெட்டைப் பேனலில் திருகி, பிராக்கெட்டைக் கூரையில் சிகாஃப்ளெக்ஸ் 252 கொண்டு ஒட்டுவதுதான் வழக்கம். சிலிக்கோன் சீலன்ட் கிட்டேயே வரக்கூடாது. பசை பிடிக்கிறதும் விடுகிறதும் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பிராக்கெட்டின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுங்கள். கூரையில் பிராக்கெட் உட்காரும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிரைமர் தேவை என்று பசையின் தகவல் தாளில் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். பசையை முக்கோணக் கோடாக இழுத்து, பிராக்கெட்டை வைத்து, மெதுவாக அமுக்குங்கள். முழு பலத்தில் நசுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து, நடுவே மெல்லிய படலம்தான் மிஞ்சும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் நிற்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், நாளுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர். அகலமான பிராக்கெட்டின் நடுவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஒட்டிய மறுநாள் மோட்டர்வேயில் ஏறாதீர்கள்.

கூரை மேல் நடக்காதீர்கள். பல வண்டிகளின் கூரை ஆள் நடக்கக் கட்டியதல்ல. இரண்டு பக்கமும் ஏணிச் சாரம் போட்டு எட்டி வேலை செய்யுங்கள், கூட ஒரு ஆள் கட்டாயம்.

ஓட்டை ஒன்றே ஒன்று, கேபிளுக்கு. அலமாரிக்கு மேல் வருகிற மாதிரி இடம் பாருங்கள். உள்ளே தட்டிப் பார்த்து மரச்சட்டமும் ஏற்கெனவே ஓடும் வயரும் இல்லாத இடமாக இருக்கட்டும். ஓட்டையின் விளிம்பிலும் பசை தடவி, மேலே கேபிள் கிளாண்ட் மூடியை ஒட்டுங்கள். கிளாண்ட் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும், ஓடும்போது மழை உள்ளே அடிக்காது. சில வண்டிகளில் ஃப்ரிட்ஜின் வெளிக்காற்றுக் கிரில் வழியாகவே கேபிளை இறக்கிவிடலாம், கூரையில் ஓட்டையே இல்லை. கேபிள் சூடான புகைக் குழாயைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

கன்ட்ரோலரைப் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். சுவருக்கு இந்தப் பக்கம், இருக்கைக்கு அடியில் வையுங்கள், கம்பி நீளமும் குறையும். அங்கிருந்து பேட்டரிக்கு 6 சதுர மி.மீ. கம்பி, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். பேனல் பக்கம் 4 சதுர மி.மீ. போதும்.

இணைக்கும் வரிசை மாறக்கூடாது: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். வேலை நடக்கும்போது பேனல் மேல் தடித்த போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். வெயில் பட்டால் சுவிட்ச் இல்லாமலே அதில் கரண்ட் இருக்கும்.

கோவைக்காரி (லெஸ்டர்)

இப்போ மிக்ஸி கதைங்க, தூரப்பயணி வீட்டம்மாவுக்காக.

750 வாட் மிக்ஸியில சட்னி அரைக்க மூணு நிமிஷம். இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேர்த்தா மூணரை ஆம்பியர்-மணிதான் ஆகும், ஒண்ணுமே இல்லீங்க. ஆனா அந்த மூணு நிமிஷமும் பேட்டரியில இருந்து 70 ஆம்பியர் போகும். உங்க லெட் ஆசிட் அதைத் தாங்காம வோல்ட் சரிஞ்சு, இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சுடும். லித்தியம் பேட்டரி இருந்தா 1500 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர்ல ஜம்முனு ஓடும். இன்வெர்ட்டருக்குப் போற கம்பி கட்டை விரல் மொத்தத்துல, ஒரு மீட்டருக்குள்ள இருக்கணும்.

ரைஸ் குக்கர் அப்படியே தலைகீழுங்க. 700 வாட்தான், மிக்ஸியைவிடக் கம்மி, ஆனா அரை மணி நேரம் ஓடும். ஒரு வேளை சோத்துக்கு 33 ஆம்பியர்-மணி. அப்பு ஐயா போட்டாரே, ஒரு நாள் மொத்தச் செலவு, அதைக் குக்கர் ஒருத்தியே குடிச்சுடுவா. கேஸ் அடுப்புல பிரஷர் குக்கர் வைங்க, மூணு விசில்ல வேலை முடிஞ்சது. பக்கத்து வண்டிக்காரங்கதான் முதல் விசிலுக்கு எட்டிப் பாப்பாங்க.

வடதிசை (அபர்டீன்)

லித்தியம்னு சொன்னதால ரெண்டு எச்சரிக்கை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பதினோரு பன்னிரண்டு கிலோ, அதே அளவு லெட் ஆசிட் இருபத்தஞ்சுக்கு மேல. அப்பு சொன்ன எடைக் கணக்குல பேனல் ஏத்தின பாரத்துல முக்காவாசி இங்கேயே இறங்கிடும். ஆனா பூஜ்யம் டிகிரிக்குக் கீழ அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. உள்ளே இருக்கிற பி.எம்.எஸ்.ல (பேட்டரியைக் காக்குற சர்க்யூட்) குளிர் வெட்டு, அதாவது குளிர்ல சார்ஜை நிறுத்துற வசதி, இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

ரெண்டாவது மூவர். ஏத்தத்துல ரெண்டு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது 100 ஆம்பியரைத் தாண்டும். பி.எம்.எஸ். வரம்பு 100னா, சரிவுல பாதி வழியில வண்டி நின்னுடும். மூவர் கையேட்டுல உச்ச ஆம்பியர் என்னன்னு பார்த்து அதுக்கு மேல தாங்குற பேட்டரியா எடுங்க. வண்டியோட சார்ஜருக்கு லித்தியம் செட்டிங் இருக்கான்னும் பாருங்க, 2014ல அது அபூர்வம்.

தூரப்பயணி (மில்டன் கீன்ஸ்)

வீட்டம்மா படிச்சாங்க. குக்கரை விட்டுக் கொடுத்தாச்சு, மிக்ஸிக்கு அடுத்த வருஷம் லித்தியம்னு ஒப்பந்தம். இப்போதைக்கு 200 வாட் கண்ணாடி, சீரிஸ், 75/15.

கடைசியா ஒண்ணு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வண்டி ஸ்டோரேஜ்ல நிக்கும், அங்க கரண்ட் இல்ல. முழு கவர் போட்டு மூடிடுவோம். அலாரமும் டிராக்கரும் ஓடிக்கிட்டே இருக்கணும்னு இன்ஷூரன்ஸ் கண்டிஷன்.

கரவன் அப்பு (ஹாரோ)

முழுக் கவர் போட்டால் பேனலுக்கு வெளிச்சம் போகாது தம்பி, அது கூரையில சும்மா கிடக்கும். அலாரமும் ட்ராக்கரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒண்டு, ஒண்டேகால் ஆம்பியர்-மணி குடிக்கும். நிறைஞ்ச பற்றறி ஒண்டரை மாதத்தில பாதிக்கு வந்திடும். கவரைப் போடாமல் விட்டால் டிசம்பரிலயும் உங்கட 200 வாட் அதை மீறித் தரும். முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு கவர் விக்குது, அதைப் போடுங்கோ. இலையும் பாசியும் பேனலில ஏறும், மாதத்துக்கு ஒருக்கா போய் ஈரத் துணியால துடைச்சு, வோல்ட்டைப் பாத்து வாங்கோ. 12.4க்குக் கீழ நிண்டால் பற்றறியைக் கழட்டி வீட்டை கொண்டுபோய்ச் சார்ஜ் போடவேணும். கழட்ட முதல் பேனலைக் கழட்டுங்கோ, மின்வேலை சொன்ன வரிசை.